மணி அடிக்கும் வரை

சத்திரசிகிச்சை முடிந்த மூன்றாம் நாட் காலையில் என் கட்டிலருகே வந்து நின்ற வைத்தியர், முகமன் எதுவும் கூறாமலே, "காற்றுப் பிரிந்ததா, சேர்?" என்று கேட்டார். வாட்டிலே நாங்கள் முப்பது பேருக்குக் குறையாமல் இருந்தோம். நான் வாய் திறக்குமுன் அவரே போர்வையை விலக்கி, என் வயிற்றின் வலப்புறத்தில் ஒட்டப்பட்டிருந்த பையைப் பார்த்தார். அது பலூனைப் போல உப்பியிருந்தது. "நல்லது, மிக நல்லது! குடல் வேலை செய்யத் தொடங்கிவிட்டது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, கஞ்சித் தண்ணீர் கொடுக்கும்படி தாதிக்குப் பணித்து, அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தவன் நான். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை எந்தத் தெருவில் இறங்கினாலும் "சேர்" என்று சொல்லிச் சைக்கிளைவிட்டு இறங்குவதற்கு யாராவது ஒருவர் இருப்பார். அந்த மரியாதை முழுவதும் ஒரு பைக்குள் அடைபட்ட காற்றாகி, ஊரறிய அறிவிக்கப்பட்ட கணத்தில், மரணத்துக்கு அஞ்சியதைவிட அதிகமாக நான் வெட்கத்துக்கு அஞ்சினேன். இதை எழுதுவதற்கும் அந்த வெட்கமே காரணம். அது என்னை ஏறத்தாழக் கொன்றுவிட்டது என்பதை இங்கே மறைக்காமற் சொல்லிவிட வேண்டும்.

ஓராண்டுக் காலம் எனக்கு இரத்தம் போயிற்று. மூலம் என்று நானே முடிவு கட்டினேன். கருணைக்கிழங்கு தின்றேன், ஒரு பரியாரியிடம் சூரணம் வாங்கினேன். மனைவிக்குச் சொல்லவில்லை. வைத்தியரிடம் போனால் அவர் எந்த இடத்தைப் பார்ப்பார் என்பது எனக்குத் தெரியும், அதனாலேயே போகவில்லை. விஞ்ஞானம் படிப்பித்த ஒருவன் இவ்வாறு நடந்தான் என்பதை மாணவர்கள் படித்துச் சிரிக்கட்டும். 2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எடை குறைந்து காற்சட்டை இடுப்பில் நில்லாமற் போன பிறகுதான் போனேன். மலக்குடலிலே புற்று என்றார்கள். ஒக்ரோபரிலே வெட்டி எடுத்தார்கள். உள்ளே போட்ட தையல் ஆறும் வரை மலம் அவ்வழியே போகலாகாது என்பதற்காகச் சிறுகுடலின் ஒரு வளைவை வெளியே இழுத்து, வயிற்றின்மீது வாய் வைத்துவிட்டார்கள். தக்காளிப் பழத்தைப் பிளந்தாற்போலச் சிவந்து, ஈரமாக, தொட்டால் வலியற்றதாக இருந்தது அது. வலியுணரும் நரம்பு அங்கே இல்லை என்று தாதி விளக்கினார். என் உடம்பிலே எனக்கு நோவு தராத ஒரே இடம் அதுவாக இருந்தும், அதைப் பார்க்க நான் ஒரு கிழமை மறுத்தேன்.

பெருங்குடல் செய்கின்ற வேலை எவ்வளவு பெரிது என்பதை, அதை இழந்தவன் அல்லது அதைப் பயன்படுத்த முடியாதவன்தான் அறிவான். சிறுகுடலிலிருந்து நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றர் அளவு நீர்மமான கழிவு பெருங்குடலுக்கு வருகிறது. அதிலுள்ள நீரையும் உப்பையும் உறிஞ்சி, ஒரு சிறு கோப்பை அளவையே வெளியேற்றுகிறது அது. பாடப் புத்தகத்திலே "நீரை அகத்துறிஞ்சும்" என்று ஒரு வரியாக இருப்பதை நான் எத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! அந்த ஒரு வரி என் வயிற்றில் நின்றுபோனதும், தின்றது தின்றபடி தண்ணீராக வந்தது. பகலில் ஏழெட்டு முறை பையைத் திறந்து கொட்ட வேண்டும். இரவில் இரு முறை எழும்ப வேண்டும். எழும்பத் தவறினால் பாயை, தலையணையை, மானத்தை எல்லாம் கழுவ வேண்டும்.

அந்தப் பைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. வயிற்றிலே வாய் வைக்கும் சிகிச்சை 18ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சில் தொடங்கிவிட்டது. ஆனால் வெளிவருவதை எதிலே ஏந்துவது என்பதைப் பற்றி இருநூறு ஆண்டுகளாகச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. துணியும், தகரமும், தோலும், றப்பரும் கட்டிக்கொண்டு, வீட்டை விட்டு வெளியேறாமல் மனிதர் மடிந்தார்கள். 1954இலே டென்மார்க்கில் எலிசெ சோரன்சன் என்னும் தாதி, தன் சகோதரி தோராவுக்கு இந்தச் சிகிச்சை நடந்தபின் அவள் யாரையும் பார்க்க மறுத்து ஒடுங்கிக் கிடப்பதைக் கண்டு, தோலிலே ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்ரிக் பை ஒன்றைக் கற்பனை செய்தார். பிளாஸ்ரிக் உற்பத்தியாளர் ஒருவர் முதலில் தயங்கினார். அவருடைய மனைவியும் ஒரு தாதி. அவர் கணவரை வற்புறுத்திச் சம்மதிக்க வைத்தார். பெரும் பேராசிரியர்கள் காணாத ஒன்றை இரு தாதிமார் கண்டனர். காரணம் எளிது. மலத்தைத் துடைத்தவர்கள் அவர்களே.

என் வீட்டிலும் அப்படியே நடந்தது. முதல் மூன்று கிழமைகள் பையைக் கழற்றியதும், தோலைக் கழுவியதும், புதிய பையை அளவு வெட்டி ஒட்டியதும் என் மனைவி. நான் கண்ணை மூடிக்கொண்டு முகட்டை நோக்கிக் கிடந்தேன். "இஞ்ச பாருங்க, அஞ்சு புள்ளைக்குச் செஞ்ச வேலதானே இது. அதுகளெல்லாம் கண்ண மூடிக்கிட்டா கிடந்ததுகள்?" என்றார் ஒரு நாள். முற்போக்கு, பெண்விடுதலை என்று மேடைகளிலே பேசியவன் நான். ஐந்து குழந்தைகளில் ஒன்றுக்கேனும் நான் துணி அலசிய நினைவு இல்லை. மறுநாள் கண்ணாடியொன்றைச் சுவரிலே சாய்த்து வைத்து நானே பையை மாற்றினேன். கோணலாக ஒட்டி, இரண்டு மணித்தியாலத்தில் கசிந்தது. அடுத்தது நாளெல்லாம் நின்றது.

எங்கள் கரையோர ஊர்களின் வழமை வெளியூர் வாசகருக்குத் தெரியாமலிருக்கலாம். இங்கே மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு மகளுக்கு. பெற்றோர் வளவின் ஓரத்திலே ஓர் அறையை இறக்கிக்கொண்டு ஒதுங்குவார்கள், அல்லது வேறிடம் போவார்கள். வீடு கொடுக்க முடியாத தகப்பனின் மகள் நரைகண்டும் குமராக இருப்பதையும், சீதனத்தின் பெயரால் நடக்கும் இந்தக் கொடுமையையும் பற்றி வேறொரு முறை எழுதுவேன். இங்கே சொல்ல வந்தது இதுதான்: நான் கட்டிய வீடு இப்போது என் இளைய மகளின் வீடு. அதிலுள்ள குளியலறை மருமகனின் குளியலறை. எங்களுடையது வளவின் பின்புறம், கிணற்றுக்கும் மதிலுக்கும் இடையிலுள்ள பழைய மலசலகூடம். ஏழு பேர்ச் காணியிலே கிணறும் குழியும் எத்தனை அடி தூரத்தில் இருக்க முடியும் என்பதைக் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் வாழ்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இரவில் மழைக்குள் குடை பிடித்துக்கொண்டு, ஒரு கையால் பையைத் தாங்கி, நான் பின்னுக்குப் போவதை மருமகன் ஒரு நாள் கண்டார். காலையில் அவர் வந்து, என் முகத்தைப் பாராமல், "மாமா, இனி நீங்க பின்னுக்குப் போக வேணாம். உள்ள இருக்கிறது உங்களுக்கு. நாங்க பின்னால போறம்" என்றார். நான் மறுத்தேன். மாமனாருக்குள்ள வீறாப்பு அது. அவர் பேசாமல் தம் சவர்க்காரத்தையும் பல் துலக்கும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு பின்னே போய்விட்டார். அந்த இளைஞருக்குச் சீதனமாக மோட்டார் சைக்கிள் கேட்டது அவருடைய தகப்பனார் என்பதையும், அதற்காக நான் அவரை ஆறு ஆண்டுகள் மனத்துக்குள் வெறுத்திருந்தேன் என்பதையும் சொல்லாவிட்டால் கதை முழுமையாகாது.

டிசம்பரிலே நான் மயங்கி விழுந்தேன். தண்ணீராகப் போகிறதே, தண்ணீரைக் குடித்து ஈடு செய்வோம் என்பது என் கணக்கு. குடித்தேன், கிணற்றையே குடித்தேன். குடிக்கக் குடிக்கத் தாகம் கூடிற்று, பையும் நிரம்பிற்று, கெண்டைக்கால் முறுக்கியது, ஒரு நண்பகலில் முற்றத்திலே கால் மடிந்தது. மறுபடியும் ஆஸ்பத்திரி, மறுபடியும் சேலைன். "சேர், வெறுந்தண்ணீர் உங்களுக்கு எதிரி. உப்பில்லாத தண்ணீர், உடம்பில் இருக்கிற உப்பையும் இழுத்துக்கொண்டு வெளியே போய்விடும்" என்று ஓர் இளம் தாதி எனக்குப் பாடம் எடுத்தார். அவர் என் கையில் தந்தது ஜீவனிப் பொதி. வயிற்றோட்டக் காரக் குழந்தைக்கு எல்லா வீட்டிலும் கரைத்துக் கொடுக்கிற அதே ஜீவனிதான்.

உப்பும் சீனியும் ஒருங்கே சேர்ந்தால்தான் குடற்சுவர் அவ்விரண்டையும் உள்ளே இழுக்கும், அவற்றின் பின்னால் தண்ணீரும் போகும் என்ற உண்மையை 1960இலே றொபேட் கிரேன் என்ற விஞ்ஞானி விளக்கினார். ஆய்வுகூடத்தில் அறியப்பட்ட இந்த உண்மை ஏழைகளின் வாய்க்கு வந்து சேர்ந்த கதை 1971க்கு உரியது. பங்களாதேசப் போரிலே எல்லையைக் கடந்து வந்த இலட்சக்கணக்கான அகதிகளிடையே கொலரா பரவியபோது, போங்கான் ஆஸ்பத்திரியிலே சேலைன் தீர்ந்துவிட்டது. திலீப் மகலானபிஸ் என்ற வங்காள வைத்தியர், பீப்பாய்களிலே உப்பும் குளுக்கோசும் கரைத்து, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கோப்பையைக் கொடுத்துப் பருக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த மரணம் அவர் கவனித்த நோயாளிகளிடையே நான்குக்கும் குறைந்தது. அவர் 2022இலே காலமானார். என் மாணவர்களுக்கு நெப்போலியன் தோற்ற ஆண்டு தெரியும்; மகலானபிஸின் பெயர் அன்று எனக்கே தெரியாது.

அந்த இரண்டாம் தடவையிலேதான் அடுத்த கட்டில் நண்பரைச் சந்தித்தேன். பெயர் வேண்டாம். பக்கத்துத் தமிழ்க் கிராமத்தைச் சேர்ந்தவர், நாற்பது வயதிருக்கும், நெல் ஆலையிலே மூடை தூக்குபவர். பல ஆண்டுகளாக அவருக்குக் குடலிறக்கம் இருந்தது. அதை இடுப்பிலே துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு மூடை சுமந்திருக்கிறார். 2022இலே, மருந்தும் மின்சாரமும் எரிபொருளும் இல்லாமல் நாடு தவித்த அந்த ஆண்டிலே, சிகிச்சைக்குத் திகதி கொடுத்து, பின்பு ஒத்திவைத்தார்களாம். பிறகு அவர் போகவில்லை. மூடைக் கணக்கிற் கூலி வாங்குகிறவருக்கு, போகாத நாள்தான் சம்பளம் உள்ள நாள். இறுதியில் இறங்கிய குடல் முறுக்கிக்கொண்டு, இரத்தம் ஓடாமற் கறுத்துப்போன பிறகு தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு முழத்துக்கு மேல் வெட்டி எடுத்து, அவருக்கும் பை வைத்தார்கள்.

ஒரே நோயாளர் வாட்டு, ஒரே பை, ஒரே அறிவுரைத் தாள். "சிறிது சிறிதாக, நாளொன்றுக்கு ஆறு வேளை உண்க. நன்றாக மென்று உண்க. மூன்று மாதங்களுக்குப் பாரம் தூக்கற்க." அவர் அதை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "ஆறு வேளையா, சேர்?" என்று கேட்டுச் சிரித்தார். சிரித்தால் தையல் நோகும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் மனைவி கொண்டுவந்த கஞ்சியில் பாதி அவருக்குப் போயிற்று. அவருடைய மனைவி கொண்டுவந்த இளநீரில் பாதி உப்பிட்டு எனக்கு வந்தது. கல்முனையைப் பற்றி, இரு சமூகங்களைப் பற்றி, எல்லையைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதப்படும் கொதிப்பெல்லாம் அந்த இரண்டு கட்டில்களுக்கு இடையிலிருந்த மூன்றடி இடைவெளியில் கொஞ்சங்கூட இருக்கவில்லை. கொதிப்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வெளியே வந்தால் அது இருக்கிறது.

வீடு திரும்பியபின் நான் ஓய்வூதியக்காரனாகச் சாய்வு நாற்காலியில் கிடந்தேன். அவர் ஐந்தாம் கிழமை ஆலைக்குப் போனார். ஆஸ்பத்திரி இலவசமாகத் தந்த பைகள் சிலவே. அவை தீர்ந்தபின் கடையிலே வாங்க வேண்டும். கடை விலை அவருடைய நாட்கூலியின் பெரும்பகுதியைத் தின்றது. ஒருநாள் வைக்க வேண்டிய பையை அவர் கழுவிக் காயவைத்து, வாயைச் சைக்கிள் ரியூப்புத் துண்டாற் கட்டி, ஒரு கிழமை வைத்தார். தோல் வெந்து புண்ணாயிற்று. மூடைக்கு அடியிலே ஒரு நாள் பை வெடித்தது. உடன் வேலை செய்தவர்கள் சாக்கால் மறைத்துக் கழுவிவிட்டார்கள். ஆலைக்காரர், நெல்லிலே பட்டிருக்கும் என்று சொல்லி அன்றைய கூலியை வெட்டினார். இவற்றை அவர் கிளினிக்கில் என்னிடம் சொன்னபோது, பையின் பக்கத்திலே மறுபடியும் குடல் பிதுங்கி ஒரு தேங்காயளவு திரண்டிருந்தது.

இந்த நாட்டிலே என்னிடம் ஒரு சதமும் வாங்காமல் என் வயிற்றைத் திறந்து, புற்றை அகற்றி, மூடினார்கள். உலகிலே மிகப் பணக்கார நாடுகள் சிலவற்றிலும் ஏழைக்குக் கிடையாத பாக்கியம் இது. அது வானத்திலிருந்து விழவில்லை. 1931இலே சர்வசன வாக்குரிமை வந்தது; 1934–35 மலேரியாக் கொள்ளைநோயிலே சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கிராமம் கிராமமாக மருந்து சுமந்தார்கள்; 1953 ஓகஸ்ட் 12இலே அரிசி விலையை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏற்றிய அரசாங்கத்துக்கு ஹர்த்தாலிலே மக்கள் பதில் சொன்னார்கள். இந்தப் போராட்டங்களின் மிச்சத்திலேதான் நான் உயிரோடு இருக்கிறேன். ஆனால் வெட்டுவது இலவசம், ஆறுவது இலவசமன்று. ஆறுவதற்கு வேண்டியவை மூன்று மாத ஓய்வும், ஆறு வேளைச் சோறும், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மலசலகூடமும். இவை என்னிடம் இருந்தன.

2024 மார்ச் மாதத்திலே நோன்பு வந்தது. எனக்கு நோன்பு கூடாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நோயாளிக்கு மார்க்கத்தின் சலுகை இருக்கவே இருக்கிறது. இருந்தும் பகலிலே உண்பதற்குக் கூச்சமாக இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, முந்திய மாலை அயலவர் அனுப்பிய நோன்புக் கஞ்சியைச் சூடாக்கி நண்பகலிலே குடித்தேன். குழைந்த அரிசி, தேங்காய்ப்பால், அளவான உப்பு: என் குடலுக்கென்றே காய்ச்சியது போன்ற உணவு அது. இறைச்சித் துண்டுகளை மட்டும் மனைவி அரித்து எடுத்துவிடுவார்.

பள்ளிவாசலுக்குத்தான் போகத் துணியவில்லை. வயிற்று வாய்க்கு மூடித் திறக்கும் தசை இல்லை. அது தன் இஷ்டப்படி ஓசை எழுப்பும். ஒழு நிற்குமா என்ற கேள்வியும் உண்டு. என்னிடம் படித்த மௌலவி ஒருவரை அழைத்துக் கேட்டேன். "சேர், ஓயாமல் போகிறவருக்குச் சட்டம் இலகு. வக்து வந்ததும் சுத்தம் செய்து, ஒவ்வொரு பர்ளுக்கும் ஒழுச் செய்து தொழுங்கள், இடையில் போவது முறிக்காது" என்றார். அவர் சொன்னது பழைய ஷாபிஈச் சட்ட நூல்களில் உள்ளதே. எட்டு நூறு ஆண்டுகளுக்கு முந்திய சட்ட அறிஞர்கள், வெட்கப்படாமல், இந்த உடம்பின் எல்லா ஒழுக்குகளையும் எடுத்து வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். நாம்தான் இடையில் எங்கோ வெட்கத்தைக் கற்றுக்கொண்டோம். ஒரு வெள்ளிக்கிழமை வாசலோரக் கடைசி வரிசையில் நின்றேன். குத்பாவின் நடுவே வயிறு உரக்கப் பேசிற்று. முன்வரிசைச் சிறுவன் ஒருவன் திரும்பிப் பார்த்தான். அவனுடைய வாப்பா அவன் தலையை மெல்லப் பிடித்து முன்னுக்குத் திருப்பினார். அவ்வளவுதான் நடந்தது.

மே மாதத்திலே குடலை உள்ளே வைத்து மூடினார்கள். இனி எல்லாம் முன்போல என்று நினைத்தேன். எவரும் எனக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. சொல்லியும் நான் கேட்காமலிருந்திருக்கலாம். மலக்குடல் என்பது ஒரு களஞ்சியம். நிரம்பியதை உணர்த்தும், பொறு என்றால் பொறுக்கும், காற்றா மலமா என்று பிரித்துச் சொல்லும். அந்தக் களஞ்சியத்தை வெட்டி எறிந்துவிட்டுப் பெருங்குடலைக் கீழே இழுத்துத் தைத்திருக்கிறார்கள். பெருங்குடலுக்குப் பொறுக்கத் தெரியாது. முதல் மாதம் நாளுக்குப் பன்னிரண்டு, பதினைந்து முறை போனேன். போய்வந்து உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் மறுபடியும். வருகிறது என்று உணர்வதற்கும் வந்துவிடுவதற்கும் இடையே இருபது அடி எடுத்து வைக்கும் நேரமே கிடைத்தது.

பழைய பயிற்சிக் கொப்பி ஒன்றை எடுத்து மூன்று கோடுகள் கிழித்தேன்: தின்றது, நேரம், போனது. இது என் இறுதி விஞ்ஞானப் பரிசோதனை. குழையச் சமைத்த வெள்ளைச் சோறு, கதலிப்பழம், அவித்த கிழங்கு ஆகியவை இறுக்கும். பச்சை வெங்காயம், பருப்பு, கோவா ஆகியவை காற்று. மாசிச் சம்பலின் கொச்சிக்காய் உள்ளே போகும்போது எரிந்ததைப் போல வெளியே வரும்போதும் எரிந்தது. எருமைத் தயிர் நல்லது, பால் கூடாது. தேநீர் பாலின்றி ஒன்று. பகற் சோற்றை இரண்டாகப் பிரித்தால் இரவு அமைதி. எனக்கு ஒத்தது இன்னொருவருக்கு ஒவ்வாது. கிளினிக்கிலே ஒரு மீனவர், கீரி மீன் தொட்டாலே போகிறது என்றார், எனக்கு அதுவே அமிர்தம். ஒருவேளை லோபெரமைட் வில்லை, மலவாயை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி, பிறகு காலம்: ஓராண்டு, சிலருக்கு இரண்டாண்டு. இப்போது நான்கு, ஐந்து முறை. வைத்தியர் இதை வெற்றி என்கிறார், நானும் ஒப்புக்கொள்கிறேன்.

மட்டக்களப்புக்குப் பஸ்ஸில் போவது என்றால் வழியிலுள்ள ஒவ்வொரு மலசலகூடத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டும். மருதமுனை வரை பள்ளிவாசல்கள் உண்டு. ஆரையம்பதி கடந்து காத்தான்குடி வந்துவிட்டால் மறுபடியும் உண்டு. இடையிலே கல்லாறு, களுவாஞ்சிகுடி, குருக்கள்மடம் என்ற நீண்ட தமிழ்க் கரை. களுவாஞ்சிகுடியில் ஒரு முறை பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, தெரியாத ஒரு வளவுக்குள் ஓடினேன். தாடியும் தொப்பியுமாக ஓடிவந்த கிழவனைக் கண்டு முற்றம் கூட்டிக்கொண்டிருந்த மூதாட்டி ஒரு கணம் திகைத்தார். என் முகத்தைப் பார்த்தார். தும்புத்தடியால் பின்புறத்தைக் காட்டி, "அங்கால, தம்பி. வாளியில தண்ணி இருக்கு" என்றார். வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை. நான் ஆண், ஓடினேன். என் நிலையிலுள்ள ஒரு பெண் என்ன செய்வாள்? அவள் பஸ்ஸில் ஏறவே மாட்டாள். அதுதான் அவள் செய்யக்கூடியது.

2004 டிசம்பர் 26இலே கடல் வந்து, இந்த மாவட்டத்திலே நாட்டிலேயே மிக அதிகமான உயிர்களைக் கொண்டு போனபின், முகாம்களிலே பெண்கள் இருட்டும்வரை அடக்கிக்கொண்டு இருந்ததை நான் தொண்டனாக நின்று பார்த்தவன். பார்த்தேனே தவிர விளங்கிக்கொள்ளவில்லை. 2024 நவம்பர் வெள்ளத்திலே, மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்திலே வந்த மத்ரஸாப் பிள்ளைகளை நீர் இழுத்துச் சென்ற அந்தத் துயர நாட்களிலே, எங்கள் வளவின் குழி நிரம்பி மேலெழுந்தது. இரண்டு நாட்கள் நான் சோறு தின்னவில்லை. தின்னாவிட்டால் போகாது. இருட்டும்வரை காத்திருந்த அந்தப் பெண்களும் தண்ணீர் குடிக்காமலிருந்தார்கள் என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

இனி, சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததைச் சொல்கிறேன். 1990களின் நடுப்பகுதி. எட்டாம் வகுப்பு, கடைசிக்கு முந்திய பாடம். பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து, "சேர், வெளிய போகவா?" என்றாள். பாடசாலையிலே பெண்பிள்ளைகளுக்கு ஒரே மலசலகூடம். அதன் திறப்பு காரியாலயத்திலே தொங்கும். வாங்கப் போனால் ஏன், எதற்கு என்று கேட்பார்கள். நான் மனித சமிபாட்டுத் தொகுதியைக் கரும்பலகையிலே வரைந்துகொண்டிருந்தேன். "மணி அடிக்கும் வரை பொறு" என்றேன். சற்றுப் பொறுத்து மறுபடியும் எழுந்தாள். திரும்பிப் பாராமலே, "பொறு என்றேனே" என்றேன். மூன்றாம் முறை அவள் எழவில்லை. வகுப்பிலே மணம் எழுந்தது, பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் மூக்கைப் பொத்தினேன். அவள் புத்தகப் பையைப் பின்னாற் பிடித்தபடி ஓடினாள். ஒரு கிழமை வரவில்லை. பிறகும் வரவில்லை. வீட்டிலே ஏதோ கஷ்டம் என்று இடாப்பிலே சிவப்பு மையால் கோடிட்டேன்.

அவள் மூன்று ஒழுங்கை தள்ளித்தான் இருக்கிறாள். கணவர் கத்தாரிலே, தையல் செய்து இரு பெண்பிள்ளைகளைப் படிப்பிக்கிறாள். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாட்களிலே மற்றப் பெண்களோடு அவளும் பார்க்க வந்தாள். ஒரு சீப்புக் கதலிப்பழம் கொண்டுவந்தாள். "சேருக்கு இதுதான் நல்லம் எண்டாங்க" என்று மனைவியிடம் கொடுத்துவிட்டு, வெகுநேரம் அரிசி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். போர்வையின் கீழே பை நிரம்பிக்கொண்டிருந்தது. கேட்க வேண்டியதை நான் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகு தெருவிலே கண்டபோதும் கேட்கவில்லை. அவள் மறந்திருப்பாள் என்று ஒரு வேளை தோன்றும். மறந்திருக்க முடியாது என்பதைப் பஸ்ஸிலே, பந்தியிலே, பள்ளிவாசலிலே என் உடம்பே எனக்குச் சொல்லிவிடும்.

அவளுடைய இளைய மகள் அதே பாடசாலையிலே எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். சென்ற மாதம் பழைய ஆசிரியர்கள் நால்வரைச் சேர்த்துக்கொண்டு அதிபரைப் பார்க்கப் போனேன். இப்போது பெண்பிள்ளைகளுக்கு நான்கு மலசலகூடங்கள் இருக்கின்றன. மூன்று பூட்டிக் கிடந்தன. தண்ணீர் இல்லை, திறந்தால் நாறடித்துவிடுவார்கள் என்றார் அதிபர். அவரும் என் மாணவரே. தண்ணீர்த் தாங்கி இருக்கிறது, மோட்டர் பழுது. எங்கள் ஓய்வூதியத்திலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மோட்டரைத் திருத்தக் கொடுத்தோம். பாடவேளையில் கேட்கும் பிள்ளையை உடனே விட வேண்டும் என்று ஆசிரியர் கூட்டத்திலே சொல்வதாக அதிபர் ஒப்புக்கொண்டார். ஒரு ஆசிரியர் மட்டும், "எல்லாரும் கேட்கத் தொடங்கிவிடுவார்களே, சேர்" என்றார். அவர் என்னிடம் பயிற்சி பெற்றவர். பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு வந்துவிட்டது. காரியாலயத்திலே தொங்கிய திறப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். மோட்டர் திருத்துகிறவர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்; ஏதோ ஒரு உறுப்பு மட்டக்களப்பிலிருந்து வர வேண்டுமாம்.